சைக்கிளும் பால்ரஸும்

கரக்பூர் வளாகத்தில் சைக்கிள் இல்லாத மாணவரைக் காண்பது அரிது. விடுதியிலிருந்து வகுப்புக்கும், வகுப்பிலிருந்து ஆய்வுக்கூடத்துக்கும், நள்ளிரவில் தேநீர்க் கடைக்கும் நம்மைச் சுமப்பது அதுதான். ஆனால் அதன் சக்கரத்துக்குள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? சென்ற ஆண்டு வரை நானும் பார்த்ததில்லை.

என் சைக்கிள் அப்பாவுடையது. ஜாம்ஷெட்பூரில் இருபது ஆண்டுகளுக்கு மேல் அவரை வேலைக்குச் சுமந்து சென்ற வண்டி. நான் முதுகலை படிக்க இங்கு வந்தபோது ரயிலேற்றி அனுப்பினார். முதல் மழைக்காலம் முடிந்ததும் ஒரு கடையில் 'ஓவராயில்' செய்யக் கொடுத்தேன். ஓவர்ஹால் என்ற சொல்தான் நம்மவர் வாயில் ஓவராயில் ஆயிற்று. எண்ணெயை அதிகமாக விடுவதுதான் போலும் என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன்!

ஒரு மாதத்துக்குள் முன்சக்கரம் முனகத் தொடங்கியது. கழற்றிப் பார்த்தேன். ஒரு பக்கம் பத்துக் குண்டுகள், மறுபக்கம் எட்டே. பழையவையும் புதியவையும் கலந்து கிடந்தன. கோனோ, அச்சைக் கையால் திருப்ப முடியாதபடி இறுக்கப்பட்டிருந்தது. வழவழப்பாக இருக்க வேண்டிய அதன் தடம் முழுதும் அம்மைத் தழும்பு போன்ற குழிகள். அன்றிரவே அப்பாவைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் சொல்லச் சொல்ல நான் செய்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

ஒரு பரப்பின் மேல் மற்றொன்று வழுக்கிச் செல்லும்போது உராய்வு மிகுதி. உருண்டு செல்லும்போது மிகக் குறைவு. பால்ரஸ் குண்டுகளின் பயன் இதுதான். பாரிஸைச் சேர்ந்த ஜூல் சூரிரே என்பவர் 1869-ல் சைக்கிளுக்கான பால்ரஸுக்குக் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டு ஜேம்ஸ் மூர் அத்தகைய சக்கரங்கள் பூட்டிய வண்டியில் பாரிஸ்–ருவான் பந்தயத்தை வென்றார்.

வேண்டிய பொருள்கள் சில: மெல்லிய கோன் ஸ்பானர், சாதாரண ஸ்பானர்கள், மண்ணெண்ணெய் அல்லது டீசல், பழந்துணி, கிரீஸ், விளிம்புள்ள ஒரு தட்டு. அருகில் நெருப்பு வேண்டாம்.

முன்சக்கரத்தைக் கழற்றித் தட்டின் மேல் படுக்க வையுங்கள். ஒரு பக்கத்துக் கோனை மட்டும் கழற்றுங்கள், மறுபக்கத்தைத் தொடாதீர்கள். அச்சை உருவும்போது குண்டுகள் தட்டில் விழும். எண்ணிக்கொள்ளுங்கள். என் வண்டியில் முன்சக்கரத்துக்குப் பக்கத்துக்குப் பத்து, 3/16 அங்குலம். பின்சக்கரத்துக்குப் பக்கத்துக்கு ஒன்பது, 1/4 அங்குலம். கப்பையும் கோனையும் கழுவித் துடைத்து, வெளிச்சத்தில் பாருங்கள். தடம் ஒரே பளபளப்பாக இருந்தால் நல்லது. குழி விழுந்திருந்தால் கோனை மாற்றுங்கள்.

குண்டுகளை மாற்றினால் எல்லாவற்றையும் மாற்றுங்கள். தேய்ந்த பழைய குண்டு கண்ணுக்குத் தெரியாத அளவு சிறுத்திருக்கும். அதனோடு புதியதைச் சேர்த்தால் சுமை முழுவதும் புதிய குண்டுகளின் மேல் விழும். குண்டு தடத்தைத் தொடுவது ஒரு புள்ளி அளவு இடத்தில்தான். அங்கே அழுத்தம் கூடினால் எஃகும் பெயர்ந்துவிடும். கப்பில் கிரீஸைப் பூசி, குண்டுகளை ஒவ்வொன்றாகப் பதியுங்கள். கடைசியில் சிறிது இடைவெளி தெரியும். இடம் இருக்கிறதே என்று இன்னொன்றைத் திணிக்க வேண்டாம்.

இனிதான் முக்கியமான வேலை. கோனை விரலால் ஆட்டம் நிற்கும்வரை திருகுங்கள். பிறகு ஒரு மயிரிழை தளர்த்துங்கள். கோனை ஸ்பானரால் அசையாமல் பிடித்துக்கொண்டு, பூட்டு நட்டை இறுக்குங்கள். நட்டை இறுக்கும்போது கோன் சற்று உள்ளே தள்ளப்படும். அதற்காகத்தான் அந்தத் தளர்வு. எனக்கு ஏழாவது முறைதான் சரியாக வந்தது. "இறுக்கத்துக்கும் ஆட்டத்துக்கும் நடுவே ஓர் இடம் உண்டு. அதைக் கைதான் சொல்லும், நான் சொல்ல முடியாது" என்றார் அப்பா.

ஹேண்டில் திரும்பும் கழுத்திலும் இதே முறைதான். பிரேக் இணைப்பைக் கழற்றி, ஹேண்டிலின் நடுப் போல்ட்டைச் சில சுற்று தளர்த்தி, மரக்கட்டையை வைத்துத் தட்டினால் ஹேண்டில் விடுபடும். மேல் கப்பைத் திருகும்போது போர்க்கைக் கீழிருந்து தாங்கிப் பிடியுங்கள். இல்லாவிட்டால் குண்டுகள் அறை முழுதும் ஓடும். மேலும் கீழும் எத்தனை குண்டுகள் என்று தனித்தனியே எண்ணி வையுங்கள். சக்கரத்தைப் போல் கழுத்து முழுச் சுற்றுச் சுற்றுவதில்லை. குண்டுகள் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்று சாலையின் அதிர்ச்சியை வாங்குகின்றன. அதனால் அங்கே பள்ளம் விழும். ஹேண்டில் நேராக வரும்போது 'டக்' கென்று நிற்கும். அப்போது கப்புகளையே மாற்ற வேண்டும்.

பூட்டிய பின் இரண்டு சோதனைகள். முன் பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கழுத்தில் தட்டும் ஓசை கேட்டால் தளர்வு. முன்சக்கரத்தைக் காலிடையே பிடித்து ஹேண்டிலைத் திருப்பிப் பாருங்கள். ஹேண்டில் மட்டும் தனியே திரும்பினால் நடுப் போல்ட் இறுகவில்லை. இதைச் சரிபார்க்காமல் ஏறாதீர்கள். வேகத்தில் விழுந்தால் பல் மிஞ்சாது.

நம் சங்கத்தின் பொங்கல் விழாவுக்கு அப்பா வந்திருந்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேரே வண்டியிடம் சென்று முன்சக்கரத்தைத் தூக்கி, வால்வை ஒரு பக்கமாக நிறுத்தி, கையை விட்டார். வால்வின் சிறு எடைக்கே சக்கரம் தானாகக் கீழிறங்கி, ஊசலைப் போல இப்படியும் அப்படியும் ஆடி நின்றது. "பரவாயில்லை" என்றார். எந்தத் தேர்விலும் நான் பெறாத மதிப்பெண் அது!

கப்பின் தடத்தில் ஒரு சிறு குழி மட்டும் இன்றும் இருக்கிறது. முன்பே கற்றிருந்தால் அதுவும் விழுந்திராது. ஆகவே நண்பர்களே, உங்கள் சக்கரம் முனகும்வரை காத்திராதீர்கள். முதல் முறை தயக்கமாக இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்னிடம் வாருங்கள். தட்டு நான் தருகிறேன். குண்டுகளை நீங்கள் எண்ணுங்கள்.