ஆழம் அறிந்து காலை விடு

"ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்பது நம் பெரியோர் வாக்கு. ஆற்றுக்கும் குளத்துக்கும் சொன்ன இவ்வாக்கு ஆழ்கடலுக்கு இன்னும் நன்றாகப் பொருந்தும். அடையாற்றில் வாழும் நமக்குக் கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஆயினும் அலைகளுக்கு அடியில் இருப்பதைக் கண்டவர் நம்மில் எத்தனை பேர்? அதைக் கண்டு பத்திரமாகத் திரும்பும் கலையே 'ஸ்கூபா' முக்குளிப்பு. இதற்கும் நம் பள்ளியைப் போலவே வகுப்புகளும் தேர்வுகளும் சான்றிதழ்களும் உண்டு.

முக்குளிப்பு தமிழருக்குப் புதிதன்று. கொற்கை முத்து சங்க காலத்திலேயே கடல் கடந்து புகழ் பெற்றது. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் கல்லின் கனத்தால் கீழே இறங்கி, ஒரே மூச்சில் சிப்பிகளைச் சேகரித்து மேலே வந்தனர். மூச்சை அடக்குவதே அவர்களது முதற்பாடம். ஸ்கூபாவின் முதற்பாடமோ இதற்கு நேர் எதிரானது. "ஒருபோதும் மூச்சை அடக்காதே!" என்பதே அது.

இதற்குக் காரணம், இயற்பியல் பாடத்தில் நாம் படிக்கும் பாயில் விதி. கடலில் 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் இருமடங்காகிறது. மேலே 6 லிட்டர் காற்றை இழுத்துக்கொண்டு இறங்கும் முத்துக்குளிப்பவரின் நுரையீரலில் அது 3 லிட்டராகச் சுருங்கும். திரும்பி வந்ததும் பழையபடி 6 லிட்டராகும். ஆனால் 1943-ஆம் ஆண்டு பிரான்சில் கூஸ்தோ, காஞான் இருவரும் உருவாக்கிய ஸ்கூபா கருவி, ஆழத்தின் அழுத்தத்துக்கு ஏற்பவே காற்றைத் தருகிறது. 10 மீட்டரில் 6 லிட்டரை இழுத்து, மூச்சை அடக்கியபடி மேலே வந்தால் அது 12 லிட்டராக விரிய முயலும். நுரையீரல் என்ன ஆகும் என்று சொல்லவும் வேண்டுமோ?

வேறோர் ஆபத்தும் உண்டு. ஆழத்தில் நைட்ரஜன் வாயு இரத்தத்தில் கரைகிறது. விரைந்து மேலே வந்தால், கோலி சோடாவைத் திறந்ததும் பொங்குவது போல் உடலுக்குள் குமிழிகள் தோன்றும். ஆகவேதான் மெதுவாக ஏறி, 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் தங்கி வரப் பழக்குகிறார்கள்.

உலகெங்கும் பயிற்சி தரும் நிறுவனங்களுள் ஒன்று, 1966-இல் தொடங்கிய 'பி.ஏ.டி.ஐ.' அதன் படிகளைக் காண்போம். 8 வயதுச் சிறுவர் நீச்சல் குளத்தில் 2 மீட்டர் ஆழத்தில் பழகலாம். 10 வயதில் இளையோர் சான்றிதழ் பெறலாம்; முதல் இரண்டு ஆண்டுகள் 12 மீட்டரே எல்லை. 15 வயதானால், அதாவது நம் வயதில், 'ஓப்பன் வாட்டர்' என்னும் முழுச் சான்றிதழ் கிட்டும். அதற்கு 200 மீட்டர் நிற்காமல் நீந்த வேண்டும். 10 நிமிடம் மிதக்க வேண்டும். எழுத்துத் தேர்வும், குளத்தில் பயிற்சியும், கடலில் 4 முக்குளிப்புகளும் உண்டு. எல்லை 18 மீட்டர். அடுத்த படியான 'அட்வான்ஸ்டு' 30 மீட்டர் வரை அனுமதிக்கும். பொழுதுபோக்காக முக்குளிப்போர்க்கு 40 மீட்டரே கடைசி எல்லை.

அதன்பின் வருவது மீட்புப் பயிற்சி. எலியட்ஸ் கடற்கரையில் நிற்கும் ஷ்மிட் நினைவுச் சின்னத்தை நாம் அறிவோம். 1930 டிசம்பர் 30 அன்று, கடலில் தத்தளித்தோரைக் காப்பாற்றித் தம் உயிரை ஈந்த டென்மார்க் நாட்டவரின் நினைவாக எழுந்தது அது. அத்தகைய உள்ளம் படைத்தோர், பிறரைக் காப்பதோடு தாமும் கரை சேர வேண்டும் என்பதே இப்பயிற்சியின் நோக்கம். 18 வயது நிரம்பி, 60 முக்குளிப்புகள் முடித்தோர் 'டைவ் மாஸ்டர்' ஆகலாம்.

பெற்றோர் ஒன்றைக் கவனித்தல் நலம். சுற்றுலாத் தலங்களில் பயிற்சியாளர் கையைப் பிடித்து ஒருமுறை அழைத்துச் செல்வது சான்றிதழ் ஆகாது. புதுச்சேரியிலும் அந்தமானிலும் முறையான பயிற்சிப் பள்ளிகள் உள்ளன. ஆஸ்துமா, காது நோய் உள்ளோர் மருத்துவரைக் கேட்டே சேர வேண்டும்.

தூத்துக்குடிப் பக்கம் சங்கு குளிக்கும் தொழிலாளர் பலர், படகிலுள்ள கம்ப்ரசரிலிருந்து வரும் குழாய் வழியே சுவாசித்து வெகுநேரம் கடலடியில் உழைக்கின்றனர். துணிவும் அனுபவமும் அவர்களிடம் நிறைய உண்டு. பாயில் விதியை அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்தாம் இல்லை. கை கால் செயலிழந்தோரும், உயிர் இழந்தோரும் அவர்களுள் உண்டு. விடுமுறைக்குச் செல்வோர் பெறும் இக்கல்வி, வயிற்றுப் பிழைப்புக்காகக் கடலில் இறங்குவோர்க்கும் கிட்ட வேண்டாமா?

தோழியரே! சான்றிதழ் என்பது வீரத்துக்குச் சூட்டும் பதக்கம் அன்று; நம் எல்லையைச் சொல்லும் சீட்டு. 18 மீட்டர் கற்றவள், 25 மீட்டரில் அழகிய பவளப்பாறை தெரிந்தாலும் திரும்பி வரக் கற்றவளே. ஆழம் அறிவோம், பிறகு காலை விடுவோம்!