மேனேஜர் இன்டர்வியூவா? முதலில் நோட்பேடைத் திறக்கவும்

சாஃப்ட்வேர் துறையில் ஆறேழு ஆண்டுகள் புரோகிராம் எழுதியவர்கள் அடுத்துக் குறி வைப்பது இன்ஜினியரிங் மேனேஜர் பதவி. இதற்கான இன்டர்வியூவுக்கும் பலர் பழைய புரோகிராமிங் கணக்குகளையே இரவெல்லாம் போட்டுப் பார்க்கிறார்கள். ஆனால் அங்கே கேட்கப்படுவது பெரும்பாலும் வேறு.

டெக்னிகல் கேள்விகளே வராது என்று எண்ண வேண்டாம். சிஸ்டம் டிசைன் பற்றி ஒரு சுற்றாவது பல நிறுவனங்களில் உண்டு. ஆனால் அது மட்டும் போதாது. நல்ல மேனேஜரின் குணங்கள் எவை என்று கூகுள் நிறுவனம் தன் ஊழியர்களிடமே ஓர் ஆய்வு நடத்தியது. பெயர் புராஜெக்ட் ஆக்சிஜன். 2011-ல் வெளியான அதன் பட்டியலில் எட்டு குணங்கள் இருந்தன. டெக்னிகல் திறமைக்குக் கிடைத்தது கடைசி இடம்!

"உங்கள் குழுவில் ஒருவர் சரியாக வேலை செய்யவில்லை. என்ன செய்தீர்கள்?" இந்தக் கேள்வி அநேகமாக வரும். "பேசிப் பார்ப்பேன்" என்பது பதில் ஆகாது. எப்போது பேசினீர்கள், அவர் என்ன சொன்னார், பிறகு என்ன மாறியது என்று நடந்ததைச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று: "புராஜெக்ட் தாமதமாகிறது. இன்னும் ஐந்து பேர் தரட்டுமா?" உடனே சரி என்று சொல்லிவிடாதீர்கள். ஐபிஎம் நிறுவனத்தில் ஓஎஸ்/360 உருவாக்கத்தை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ், தாமதமான வேலையில் ஆட்களைச் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும் என்று 1975-லேயே எழுதிவிட்டார். ஐந்து பேர் உள்ள குழுவில் இருவர் இருவராகப் பேச வேண்டிய ஜோடிகள் 10. பத்துப் பேர் ஆனால் 45! புதியவர்களுக்குச் சொல்லித்தரும் நேரமும் பழையவர்களின் கணக்கில்தான் போகும். எதைத் தள்ளிவைக்கலாம் என்று திருப்பிக் கேட்பவரை இன்டர்வியூ எடுப்பவர்கள் கவனிப்பார்கள்.

இப்போது உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வருவோம். நோட்பேடைத் திறந்து எஃப்5 கீயை அழுத்தவும். தேதியும் நேரமும் தானாக வந்துவிடும். அதன் கீழே உங்கள் வேலையில் நடந்த ஒரு சம்பவத்தை எழுதவும். நிலைமை என்ன, உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் செய்தது என்ன, விளைவு என்ன என்று நான்கு பத்தி போதும். இதை ஆங்கிலத்தில் ஸ்டார் முறை என்பார்கள். அமேசான் நிறுவனம் தன்னிடம் வருபவர்களுக்கு இதையே பரிந்துரைக்கிறது. தினம் ஒன்று எழுதினால் இரண்டு வாரத்தில் பதினான்கு சம்பவங்கள் சேர்ந்துவிடும். தோற்றுப்போன வேலைகளும் அதில் இருக்கட்டும், அவற்றையும் கேட்பார்கள். உடன் வேலை செய்பவர்களின் பெயர்களையும் அலுவலக ரகசியங்களையும் மட்டும் எழுத வேண்டாம்.

எழுதியதை சவுண்ட் ரிகார்டரில் பேசிப் பதிவு செய்து கேட்கவும். (வீட்டில் சிரித்தால் சிரிக்கட்டும்!) எத்தனை இடத்தில் "நாங்கள் செய்தோம்" என்று வருகிறது என எண்ணிப் பாருங்கள். குழுவாக வேலை செய்து பழகியவர்களுக்கு "நான்" என்று சொல்லக் கூச்சம். ஆனால் எதிரே இருப்பவர் வேலைக்கு எடுக்கப்போவது உங்கள் குழுவை அல்ல, உங்களை. குழு செய்ததைக் குழுவுக்கே கொடுங்கள். முடிவெடுத்தது நீங்கள் என்றால் அதைத் தெளிவாகச் சொல்லவும்.

கடைசியில் "எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். குழுவில் எத்தனை பேர், முன்பு இருந்த மேனேஜர் ஏன் போனார், நானும் கோடு எழுத வேண்டுமா என்ற மூன்றையும் கேட்டுவிடுங்கள். கோடு எழுதுவதை விட மனமில்லாதவர்கள் மூன்றாவது கேள்வியை முதலிலேயே கேட்பது நல்லது.