மடிக்கணினியின் வெப்பநோயும் அதன் பரிகாரமும்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க்குழுவினர் கேட்டபொழுது, இலக்கியப் பொருள் ஒன்றையே நம்மிடம் எதிர்பார்த்திருப்பர். தமிழாசிரியர் மடிக்கணினியின் சூட்டைப் பற்றி எழுதப் புகுவது அன்பர் சிலருக்கு நகைப்பைத் தரலாம். எனினும், இம்மலரிலுள்ள கட்டுரைகளுள் ஒன்று இடையிலே நின்றுபோனதற்குக் காரணம் அச்சூடே. அதனை நேரிற் கண்டவர் நாம்; அத்தவற்றிற் பங்குடையவரும் நாமே. ஆதலின், பட்டறிந்ததைப் பழைய மாணவ அன்பர்களுக்கு எடுத்துரைத்தல் நமது கடனாயிற்று.

நிகழ்ந்தது இது. மலர்ப் பணிக்கெனப் பழைய மாணவர் ஒருவர் தாம் பயன்படுத்திய மடிக்கணினியை அன்பளிப்பாகத் தந்திருந்தார். நம் கல்லூரியில் நெடுங்காலம் கற்பித்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் மாலைதோறும் ஆசிரியர் அறைக்கு வந்து தம் நினைவுகளைச் சொல்வார். நாம் அவற்றைக் கணினியிற் பதிந்துவந்தோம். ஒருநாள் நான்கு பக்கங்கள் எழுதி முடிந்தபொழுது கண்டிக்குச் செல்லும் கடைசி பஸ்ஸின் நேரம் நெருங்கிவிட்டது. நிறுத்தும் கட்டளையை அழுத்தினோம். திரை இருளுமுன்னரே மூடியைச் சாத்திப் பையிலிட்டு, அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு ஓடினோம்.

மறுநாட் காலை கணினி உயிரற்றுக் கிடந்தது. மின்னிணைப்புக் கொடுத்து எழுப்பியபொழுது அந்த நான்கு பக்கங்களும் இல்லை. மீண்டும் சொல்லுமாறு பெரியவரைக் கேட்கலாம் என்று ஆறுதல் கொண்டோம். அவ்வாரமே அவர் நோயுற்றார், பின்னர் எழவில்லை. அவருடைய கட்டுரையை இம்மலரிற் படிப்போர், அது ஏன் பாதி வழியில் நிற்கின்றதென இப்போது அறிவர்.

முன்னரும் இருமுறை அக்கணினி நமக்கு எச்சரிக்கை தந்திருந்தது. பையிலிட்டு ஒரு மணி நேரத்தின் பின் எடுத்தபொழுது அதன் அடிப்புறம் கை பொறாச் சூடாயிருந்தது. அதனை நாம் பொருட்படுத்தவில்லை. நோய் யாது, அதன் காரணம் யாது, தணிக்கும் வழி யாது என முறையே ஆராய்ந்து செய்க என்று 'மருந்து' அதிகாரத்திலே திருவள்ளுவர் வகுத்த நெறியை ஆண்டுதோறும் மாணவர்க்குக் கற்பிக்கின்ற நாம், கண்முன் நின்ற நோயை ஆராயாது விட்டோம். இப்போது அம்முறையையே பின்பற்றி விளக்குவோம்.

முதலில் வெப்பத்தின் இயல்பை அறிதல் வேண்டும். கணினி கொள்ளும் மின்சாரம் முழுவதும் ஈற்றில் வெப்பமாகவே மாறுகின்றது. 1946ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் வெளியுலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் என்னும் கணினியில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. அஃது ஏறத்தாழ 150 கிலோவாற்று மின்சாரத்தை உண்டது. அதன் சூட்டைப் போக்கப் பெரிய காற்றூதிகள் வேண்டியிருந்தன. இன்றைய மடிக்கணினியின் செயலிக்குப் பெரும்பாலும் சில பத்து வாற்றுகளே போதும். ஆயினும், அவ்வெப்பம் விரல்நகத்தளவான ஒரு சில்லிலே பிறந்து, இரண்டு விரல் தடிப்புங்கூட இல்லாத பெட்டிக்குள்ளிருந்து வெளியேற வேண்டியிருக்கின்றது. இடர் வெப்பத்தின் அளவில் அன்று, அதன் வழியிலேயே உளது.

ஹேவாஹெட்ட குளிர்ந்த மலைப்பிரதேசமன்றோ, இங்கே கணினி சூடாவது எங்ஙனம் என வினவலாம். இதற்கு விடை நம் அயலிலேயே இருக்கின்றது. ஜேம்ஸ் டெயிலர் 1867ஆம் ஆண்டில் இப்பகுதி மலைகளைச் சார்ந்த லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அன்று தொடங்கி இம்மலைநாட்டு மக்கள் ஓர் உண்மையை நன்கறிவர். பறித்த கொழுந்தைச் சாக்கில் இறுக்கி அடைத்து வைத்தால், வெளியே பனி பெய்தாலும் உள்ளே கொழுந்து தானே சூடேறிச் சிவந்து கெடும். அதே கொழுந்தைத் தட்டில் மெல்லியதாகப் பரப்பிக் காற்றோட்டம் கொடுத்தால் கெடாது வாடும். குளிர் இருப்பதனால் மட்டும் பயனில்லை. அக்குளிர்காற்று பொருளினூடே செல்லுதல் வேண்டும். பையிலிட்ட கணினியும் சாக்கிலிட்ட கொழுந்தும் ஒன்றே.

மடிக்கணினிக்குள் வெப்பம் செல்லும் வழி நான்கு படிகளை உடையது. செயலியின்மேல் வெப்பத்தைக் கடத்தும் பசை பூசப்பட்டிருக்கும். அப்பசையின்மேல் செம்புத் தகடும் குழாயும் பொருந்தியிருக்கும். குழாயினுள் இருக்கும் சிறிதளவு திரவம் சூடான முனையில் ஆவியாகி, மறுமுனையிற் குளிர்ந்து மீளும். அம்மறுமுனையில் நெருக்கமான மெல்லிய தகடுகள் உள. சிறு விசிறி அவற்றினூடே காற்றைச் செலுத்தி வெப்பத்தை வெளியேற்றும். இந்நான்கனுள் ஒன்று தவறினும் சூடு உள்ளே தங்கும். வெப்பநிலை மிகுந்தால் செயலி முதலில் தன் வேகத்தைக் குறைக்கும். பல செயலிகளில் ஏறத்தாழ 100 பாகை செல்சியசை அணுகும்பொழுது இது நிகழும். மேலும் ஏறினால் தன்னைக் காக்கும்பொருட்டுக் கணினி திடீரென அணைந்துவிடும். அவ்வேளையில், சேமிக்கப்படாத எழுத்து மீளாது.

இனிப் பரிகாரம் கூறுவோம். எதனையும் தொடுமுன் செய்யவேண்டியது ஒன்று உண்டு: கணினியிலுள்ள கோப்புகளை வேறொரு வன்தட்டிலோ பென் டிரைவிலோ பிரதியெடுத்துக் கொள்க. கணினி பழுதானால் வேறொன்று வாங்கலாம். எழுதியது போனால் வாங்கும் கடை இல்லை.

அடுத்து, அது எப்பொழுது சூடாகின்றதென நோக்குக. வேலை செய்யும்பொழுது மட்டும் சூடாகின்றதா, வேலையின்றி இருக்கும்பொழுதும் சூடாகின்றதா, மூடி வைத்த பின்னருமா? காற்றுவாயிலருகே கையை நீட்டிப் பார்க்க. விசிறி இரைந்தும் காற்று வரவில்லையெனின் வழி அடைபட்டுளது. விசிறியின் ஓசையே இல்லையெனின் விசிறி பழுதுற்றிருக்கலாம்.

மூன்றாவது, கணினி இருக்கும் இடம். பல கணினிகளின் காற்றுவாய் அடிப்புறத்திலே உளது. குளிருக்காகப் போர்வையை மடியில் விரித்து அதன்மேற் கணினியை வைத்துப் படிக்கும் வழக்கம் நம் மாணவரிடம் உண்டு. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டு, வீட்டிலிருந்து கற்கும் காலம் வந்தபொழுது இவ்வழக்கம் பெருகியது. கம்பளி அக்காற்றுவாயை முழுவதும் அடைத்துவிடும். மேசையோ சமதளமான பலகையோ இருந்தாற் போதும். விறகடுப்பு எரியும் வீடுகளிற் புகைக்கரியும் கம்பளி நூற்றூசும் ஒன்றுகூடி, விசிறிக்கும் தகடுகளுக்கும் இடையே மெத்தைபோற் படியும். அதனை நீக்கும்பொழுது கணினியை நிறுத்தி, மின்னிணைப்பைக் கழற்றி, விசிறி சுழலாதபடி பிடித்துக்கொண்டு காற்றூதித் துப்புரவு செய்தல் வேண்டும். ஈரத்துணி ஆகாது. கணினியைத் திறந்து பழகாதோர், பழுதுபார்ப்போரிடம் கொடுத்து, காய்ந்துபோன பசையையும் மாற்றுவித்தல் நன்று.

நான்காவது, கணினிக்குள் இயங்கும் நிரல்கள். விண்டோஸ் கணினியில் கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்னும் மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் டாஸ்க் மனேஜர் தோன்றும். எந்நிரல் செயலியை எத்தனை வீதம் பயன்படுத்துகின்றது என அது காட்டும். நாம் ஒன்றும் செய்யாதிருக்கும்பொழுதும் ஒரு நிரல் நெடுநேரம் பெரும்பங்கை உண்ணுமாயின், சூட்டுக்குக் காரணம் அதுவே ஆகலாம். இவ்விடத்தில் அன்பர்கள் ஒன்றைக் கருத்திற் கொள்க: ஓயாது உழைத்துச் சூடேற்றும் நிரலே, நிறுத்தும் கட்டளைக்குப் பணியாது கணினியைத் தடுத்து நிறுத்துவதும் உண்டு. சூடாதலும் நிற்க மறுத்தலும் இரு நோய்களாகத் தோன்றினும், பலவிடத்து வேர் ஒன்றே.

ஐந்தாவது, நிறுத்துதல். ஈண்டுச் சொற்பொருளை ஆராய்தல் தமிழாசிரியர்க்கு உரிய வேலையே. மூடுதல், துயிலவிடுதல், நிறுத்துதல் என்னும் மூன்றையும் நாம் ஒன்றெனக் கொள்கின்றோம். கணினியோ மூன்றையும் வெவ்வேறாகவே கொள்ளும். மூடியைச் சாத்தினால் என்ன செய்வதென்பது கணினிக்குள் வகுத்து வைத்த ஏற்பாட்டைப் பொறுத்தது. துயிலவிட்டாலும், இக்காலத்துக் கணினிகள் பல முழுமையாக உறங்குவதில்லை. இடையிடையே விழித்து இணையத்தை நாடும். அப்போது பைக்குள் சூடேறும். பையிலிடுமுன் முழுவதும் நிறுத்துவதே தக்கது.

நிறுத்தும் கட்டளையிலும் ஒரு நுட்பம் உண்டு. 2012ஆம் ஆண்டில் வெளியான விண்டோஸ் 8 முதலாக, விரைவாக மீள எழும்பொருட்டு பாஸ்ட் ஸ்டார்ட்டப் என்னும் ஏற்பாடு அமைந்துளது. நிறுத்தும்பொழுது, கணினி தன் அடிப்படை நிலையைத் தட்டில் எழுதி வைத்துக்கொண்டு அணையும்; முற்றிலும் புதிதாகத் தொடங்குவதில்லை. சாதனங்களை இயக்கும் மென்பொருளுள் ஒன்று பழுதாயிருப்பின், திரை இருண்ட பின்னும் விளக்கும் விசிறியும் ஓயாதிருக்கலாம். ஷிப்ட் விசையை அழுத்தியவாறே நிறுத்தும் கட்டளையைக் கொடுத்தால் முழு நிறுத்தம் நிகழும். அவ்வாறு செய்தபொழுது நோய் நீங்குமாயின், கொன்ட்ரோல் பனலிலுள்ள பவர் ஒப்ஷன்ஸ் பகுதியிற் சென்று அவ்வேற்பாட்டை நீக்கிவிடலாம். அதனாலும் நீங்காவிடின், அச்சுப்பொறி முதலிய இணைப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி நிறுத்திப் பார்க்க. எதனைக் கழற்றியபொழுது ஒழுங்காக நின்றதோ, அதற்குரிய மென்பொருளைப் புதுப்பிக்க.

நம் கணினியின் நோய் யாதெனக் கேட்பின், மூன்று தவறுகள் ஒருங்கே கூடியிருந்தன. வகுப்பிற் படங்களைத் திரையிற் காட்டும்பொருட்டு, மூடியைச் சாத்தினாலும் இயங்குமாறு யாரோ மாற்றி வைத்திருந்தனர். நாம் நிறுத்தும் கட்டளையைக் கொடுத்தபொழுது, எழுதிய பக்கங்களைச் சேமிக்கவில்லை. சேமிக்கவேண்டுமா எனக் கணினி கேட்டு, நம் விடைக்காகக் காத்திருந்தது. தானே சேமிக்கும் வசதியும் நீக்கப்பட்டிருந்தது. விடை கூறவேண்டிய நாமோ பஸ்ஸை நோக்கி ஓடிக்கொண்டிருந்தோம். பைக்குள் அஃது விழித்தபடியே இருந்தது. பின்னர்த் திறந்து பார்த்தபொழுது, விசிறியின் வாயிலே தூசு மெத்தையாய்ப் படிந்திருந்தது. இரவில் ஏதோ ஒரு நாழிகையில் சூட்டினாலோ பற்றரி தீர்ந்தமையாலோ அஃது அணைந்தது. நான்கு பக்கங்களும் அதனோடு போயின.

இந்த அவசரம் நமக்கு மட்டும் உரியதன்று. 2022 மார்ச்சு இறுதியில் நம் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்தது. மின்சாரம் போகுமுன் வேலையை முடித்து, சட்டென மூடிவிடும் பழக்கம் அக்காலத்திற் பலர்க்கும் படிந்தது. காலம் மாறிய பின்னும் பழக்கம் மாறவில்லை.

இரண்டு எச்சரிக்கைகளும் கூறவேண்டும். ஒன்று, எதற்கும் பணியாத கணினியை மின்பொத்தானைச் சுமார் பத்து வினாடி அழுத்திப் பிடித்து அணைக்கலாம். அது கடைசி வழி. நாள்தோறும் கைக்கொள்ளத்தக்க வழி அன்று. எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் கோப்பு அதனாற் சிதையக்கூடும். மற்றொன்று, கணினியின் அடிப்புறமோ விரலால் தடவும் பலகையோ புடைத்துக் காணப்படின், பற்றரி வீங்கியிருத்தல் கூடும். உடனே மின்னேற்றுவதை நிறுத்துக, அழுத்தவோ துளைக்கவோ வேண்டாம், பழுதுபார்ப்போரிடம் ஒப்படைக்க. லிதியம் அயன் பற்றரி தீப்பற்ற வல்லது. 2006 ஓகஸ்டில் டெல் நிறுவனம், சோனி தயாரித்த ஏறத்தாழ 41 இலட்சம் மடிக்கணினிப் பற்றரிகளை இவ்வச்சத்தால் மீளப் பெற முன்வந்தது.

இவை யாவும் மனத்திற் பதியாவிடினும், ஒன்று பதிந்தாற் போதும். சேமித்த பின் நிறுத்துக. விளக்கும் விசிறியும் ஓய்ந்ததைக் கண்ட பின் மூடுக. மூடிய பின் பையிலிடுக. இதற்கு ஒரு நிமிடமே செல்லும். அன்று கடைசி பஸ்ஸைத் தவறவிட்டிருந்தால் ஹேவாஹெட்டயிலே ஓர் இரவு தங்கியிருப்போம், அவ்வளவே. அந்த நிமிடத்தை மிச்சப்படுத்தியதனால், நம் கல்லூரியின் பழங்காலத்தைக் கண்ணாற் கண்டவர் ஒருவரின் நான்கு பக்கங்களை இழந்தோம். அவர் குரலைக் கேட்ட பழைய மாணவர்கள் உங்களுள் பலர் உளர். அவர் வகுப்பிற் சொன்னவற்றுள் நினைவிலிருப்பதை எழுதி அனுப்புவீராக. அடுத்த மலரில் அவற்றைச் சேர்த்து, நின்றுபோன அக்கட்டுரையை இயன்றவரை நிறைவு செய்வோம். வரும் ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு இடங்களிற் சேமிப்போம் என உறுதி கூறுகின்றோம்.