'சும்மா தூள்' முறுக்கை ஆங்கிலத்தில் விற்பது எப்படி?

ஈப்போ, புந்தோங்கில் உள்ள கம்போங் கச்சாங் பூத்தே, முறுக்கு, ஓமப்பொடி, பக்கோடா, வறுத்த கடலை வகைகளுக்குப் பேர்போன இடம். தமிழகத்திலிருந்து வந்த குடும்பங்கள் தொடங்கிய தொழில் இது. ஒரு காலத்தில் தலையில் தட்டைச் சுமந்து, காகிதச் சுருளில் மடித்து விற்ற பலகாரம் இன்று பேரங்காடிக்கும் இணையக் கடைக்கும் போகிறது. வாங்குபவர்களில் சீனர், மலாய்க்காரர், வெளிநாட்டுப் பயணிகள் எனப் பலரும் உண்டு. அவர்களுக்கு ஆங்கிலத்தில் விளம்பரம் எழுதும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. நாம் வாயால் பேசி விற்கும் தமிழ், அகராதித் தமிழ் அல்ல.

பெயரை மொழிபெயர்க்கலாமா?

'கச்சாங் பூத்தே' என்ற மலாய்ச் சொல்லை நேராக மாற்றினால் 'வெள்ளைக் கடலை' என்று வரும். பொட்டலத்திலோ முறுக்கும் ஓமப்பொடியும் இருக்கும். எனவே பெயரை அப்படியே விட்டு, கீழே 'மசாலா சேர்த்த இந்திய நொறுக்குத் தீனி' என்ற பொருளில் ஒரு வரி ஆங்கில விளக்கம் கொடுப்பதே நல்லது. எழுத்துக்கூட்டலிலும் கவனம் தேவை. 1972 மலாய் எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பின் 'பூத்தே' என்பது 'பூத்தி' ஆனது. பழைய வடிவமும் வழக்கில் இருக்கிறது. ஏதாவது ஒன்றைத் தேர்ந்து பொட்டலம், முகநூல், இணையக் கடை எல்லாவற்றிலும் அதையே பயன்படுத்தினால் தேடுபவர்களுக்குக் குழப்பம் இருக்காது.

பேச்சுச் சொல்லின் வேலை என்ன?

'எங்க முறுக்கு சும்மா தூள்!' என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் ஆங்கிலத்தில் 'பவுடர்' வந்து நிற்கும். முறுக்கு நொறுங்கிப்போய் இருக்கிறது என்றுதான் வாங்குபவர் நினைப்பார். 'தூள்' இங்கே பொருளைக் குறிக்கவில்லை, பாராட்டைச் சொல்கிறது. ஆகவே சுவையைப் பாராட்டும் இயல்பான ஆங்கிலச் சொல் ஒன்றைத்தான் தேட வேண்டும். 'மொறுமொறு' என்பதற்கும் இரண்டு வழி உண்டு. கடித்தால் சத்தம் வரும் முறுக்குக்குக் 'கிரன்ச்சி' பொருந்தும். மெல்லிய ஓமப்பொடிக்குக் 'கிரிஸ்பி' பொருந்தும்.

இந்தச் சிக்கல் தமிழுக்கு மட்டும் உரியதல்ல. ஜெர்மனியின் சாட்டர்ன் என்ற மின்சாதனக் கடை 2002-இல் 'கைட்ஸ் இஸ்ட் கைல்' என்று விளம்பரம் செய்தது. 'கைட்ஸ்' என்றால் கஞ்சத்தனம். 'கைல்' என்பதற்குப் பழைய பொருள் காம இச்சை. இளைஞர் பேச்சில் அது 'பிரமாதம்' என்றாகிவிட்டது. அகராதியை மட்டும் பார்த்தால் விளம்பரமே அசிங்கமாகிவிடும். 'கஞ்சத்தனம் பிரமாதம்' என்று ஆங்கிலத்தில் எழுதினாலும் விற்காது. மலிவாக வாங்குவதில் வெட்கம் இல்லை, அது கெட்டிக்காரத்தனம் என்ற கருத்தைப் பிடித்து, வாசகத்தைப் புதிதாக எழுத வேண்டியிருக்கும்.

நம் ஊரிலேயே 'பசியாற வாங்க' என்ற அழைப்பு இருக்கிறது. மலேசியத் தமிழருக்குப் பசியாறுதல் என்றாலே காலை உணவு. தமிழகத்தாருக்கு அது எந்த வேளைச் சாப்பாடாகவும் இருக்கலாம். ஆங்கிலத்தில் 'பிரேக்ஃபாஸ்ட்' என்று தெளிவாகச் சொல்லாவிட்டால், காலையில் மட்டும் திறக்கும் கடைக்கு ஆள் மதியம் வந்து நிற்பார்.

தோட்டத்துச் சொற்கள்

ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிய பின், வெளியேறிய குடும்பங்களில் சில பலகாரத் தொழிலுக்கு வந்தன. 'பால் மரம் வெட்டிய பாட்டியின் கைப்பக்குவம்' என்று அவர்கள் பெருமையாக எழுதலாம். அதை அப்படியே ஆங்கிலமாக்கினால், பாட்டி மரத்தைச் சாய்த்தவர் ஆகிவிடுவார்! தோட்டத் தமிழில் 'வெட்டு' என்பது பட்டையைச் சீவிப் பால் எடுப்பது. ஆங்கிலத்தில் அதற்குச் சொல் 'டேப்பிங்', பாலுக்கு 'லேடெக்ஸ்'. விடியுமுன் எழுந்து பால் எடுத்த ஒருவரின் உழைப்பு சரியாகப் போய்ச் சேர இந்த இரண்டு சொற்களும் தேவை.

கடலையில் விளையாட்டு வேண்டாம்

'கடலை' நிலக்கடலையாகவும் இருக்கலாம், கொண்டைக்கடலையாகவும் இருக்கலாம். 'கச்சாங்' அதைவிட விரிவான சொல். பயறு, மொச்சை, நிலக்கடலை எல்லாம் அதற்குள் அடங்கும். கடலை மாவை ஆங்கிலத்தில் 'பீநட்' என்று எழுதினால், சாப்பிடக்கூடியவரும் ஒதுங்கிப் போவார். உண்மையாகவே நிலக்கடலை இருந்து அதைச் சொல்லாமல் விட்டால், ஒவ்வாமை உள்ளவரின் உயிருக்கே ஆபத்து. கொண்டைக்கடலைக்கு 'சிக்பீ', மலாயில் 'கச்சாங் கூடா'. நிலக்கடலைக்கு 'பீநட்', மலாயில் 'கச்சாங் தானா' என்று பிரித்து எழுத வேண்டும்.

1985 உணவு விதிமுறைகளின்படி, மலேசியாவில் தயாராகும் பொட்டல உணவின் கட்டாய விவரங்கள் மலாய்மொழியில் இருக்க வேண்டும். வேறு மொழிகளையும் சேர்த்துக்கொள்ளலாம். நிலக்கடலை, பால், முட்டை, மீன், குளூட்டன் கொண்ட தானியங்கள் போன்றவை இருந்தால் அதையும் குறிப்பிட வேண்டும். விளம்பர வரியில் நகைச்சுவை இருக்கலாம். பொருள் பட்டியலில் கூடாது.

அச்சுக்குக் கொடுக்கும் முன், தமிழ் தெரியாத அண்டை வீட்டார் ஒருவரிடம் ஆங்கில வரியை மட்டும் காட்டி, "இந்தப் பொட்டலத்துக்குள் என்ன இருக்கும்?" என்று கேட்டுப் பார்க்கலாம். அவர் சொல்வதும் உள்ளே இருப்பதும் ஒன்றாக இருந்தால் அச்சுக்கு அனுப்பலாம்.