சிறுநீரில் வரும் சிறுநீரகத்தின் தகவல்

கங்கைகொண்ட சோழபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் வயலிலும் முந்திரிக் காட்டிலும் நாள் முழுக்க வெயிலில் நிற்பவர்கள் பலர். தமிழக விவசாயத் தொழிலாளர்களிடம் நடந்த ஓர் ஆய்வில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் நாள்பட்ட சிறுநீரகப் பாதிப்பு தெரிய வந்தது. அவர்களில் சுமார் பாதிப் பேருக்குச் சர்க்கரையும் இல்லை, ரத்தக் கொதிப்பும் இல்லை. ‘எனக்குத்தான் சுகர் இல்லையே’ என்று சும்மா இருக்க முடியாது என்பதுதான் இதில் கவலைக்குரியது.

ஆரம்பத்தில் வலி கிடையாது. ரத்தத்தில் கிரியாட்டினின் தெளிவாக ஏறும்போது சிறுநீரகத்தின் திறனில் ஏறக்குறைய பாதி போயிருக்கும். அதற்கு முன்பே கண்டுபிடிக்க வழி உண்டா?

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. நெஃப்ரான் என்பது ரத்தத்தை வடிகட்டும் ஒரு சல்லடையும் அதைத் தொடரும் நுண்குழாயும் சேர்ந்தது. இவற்றின் செல்கள் மிகச் சிறிய பைகளைச் சிறுநீரில் விட்டுக்கொண்டே இருக்கின்றன. இவற்றில் ஒரு வகைக்கு எக்சோசோம் என்று பெயர். தலைமுடியின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். அனுப்பிய செல்லின் புரதமும் ஆர்.என்.ஏ.வும் உள்ளே சிதையாமல் இருக்கும். அதனால் எந்தப் பகுதியிலிருந்து வந்தது, அங்கே என்ன நிலை என்று அறிய முடியும். 2004-ல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் பிசிட்குன், நெப்பர் குழுவினர் சிறுநீரில் இவற்றைப் பிரித்துக் காட்டினர். கிட்டல்மன் என்ற பரம்பரை நோயில் உப்பை மீட்கும் ஒரு புரதம் இந்தப் பைகளில் குறைந்திருப்பதும் பின்னர் தெரிந்தது. ஊசி குத்திச் சதை எடுக்கும் பயாப்ஸி இல்லாமலே கிடைத்த தகவல் இது.

ஆனால் ஜெயங்கொண்டம் லேபில் இந்தப் பரிசோதனையை இப்போது எதிர்பார்க்க வேண்டாம். பைகளைப் பிரிக்க அதிவேகச் சுழற்சி இயந்திரம் வேண்டும். சிறுநீரிலேயே இருக்கும் யூரோமோடுலின் என்ற புரதம் வலைபோல அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தண்ணீர் அதிகம் குடித்த அன்று எண்ணிக்கை வேறாகத் தெரியும்.

2023-ல் தமிழக அரசு தொடங்கிய சிறுநீரகப் பாதுகாப்புத் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே பட்டை நனைத்துப் புரதம் பார்க்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் பட்டை முக்கியமாகக் காட்டுவது சல்லடையின் ஓட்டையை. விவசாயத் தொழிலாளருக்கு வரும் இந்த நோயோ பெரும்பாலும் நுண்குழாயைத் தாக்குவது. புரதம் அதிகம் கசியாது. நுண்குழாய்ச் செல்களே பை அனுப்புவதால்தான் எக்சோசோம் மீது இவ்வளவு எதிர்பார்ப்பு. அது வரும்வரை, வெயிலில் உழைப்பவர்கள் பட்டைச் சோதனையோடு ரத்தத்தில் கிரியாட்டினினும் பார்க்கும்படி டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம்.