சருகும் சக்கையும் உண்கலமாக

உண்டபின் நாம் எறியும் தட்டு எங்கே சேர்கிறது? ஜவ்வாது மலை ஓடைகளில் தேங்கும் பிளாஸ்டிக்கே அதற்கு விடை. தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படும் பிளாஸ்டிக் தட்டுகளுக்குத் தடை உண்டு. ஆயினும் மாற்றுப் பொருள் கைக்கெட்டினாலன்றித் தடை நிலைபெறாது.

மந்தாரை இலைகளை ஈர்க்கால் தைத்து உண்கலமாக்குதல் நம் முன்னோர் வழக்கம். இன்று, உதிர்ந்த பாக்குமட்டையைக் கழுவி ஊறவைத்து, சூடேற்றிய அச்சில் அழுத்தித் தட்டாக்குகின்றனர், பசை வேண்டுவதில்லை. கரும்புச் சக்கையைக் கூழாக்கி அச்சிலிட்டுக் கிண்ணமும் செய்கின்றனர். புகளூர்த் தாள் ஆலை அச்சக்கையிலிருந்தே 1980-களில் தாள் செய்யத் தொடங்கியது.

எனினும் ஒன்றை மறத்தலாகாது. மலைமக்கள் விளைவிக்கும் சாமையின் வைக்கோல், மாட்டுக்குத் தீவனம். அதனைக் கழிவென்று கொண்டு தட்டாக்கினால் மாடு பட்டினி கிடக்கும். உண்மையில் எஞ்சுவதையே எடுத்தல் வேண்டும். பிளாஸ்டிக் படலம் பூசிய காகிதத் தட்டும் முழுமையாக மக்குவதில்லை. பெயரைக் கண்டு மயங்கலாகாது.

வீண்விரயம் தவிர்த்தல் இஸ்லாம் கற்பிக்கும் நெறி. நிக்காஹ் விருந்திலும் நோன்புக் கஞ்சி வழங்குமிடத்திலும் கழுவிப் பயன்படுத்தும் கலமே முதன்மையானது. அஃது இயலாவிடத்து மக்கும் கலம் இடம்பெறட்டும். மாணவர்களே, உங்கள் மஹல்லாவிலிருந்து இதனைத் தொடங்குங்கள்.