ஐப்பசிக் கதவும் செயற்கைக் காலும்

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கணவருக்கு 20 வருடச் சர்க்கரை நோய். போன வருடம் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சிறுநீரகமும் கைவிட்டு, இப்போது வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். செயற்கைக் கால் போட்டு நான்கு மாதம் ஆகிறது. “டயாலிசிஸ் முடிந்து வந்த சாயங்காலம் கால் லொடலொடவென்று ஆடுகிறது. நடக்க நடக்கப் பாதம் ஒரு பக்கமாகத் திரும்பிக்கொள்கிறது. இரண்டு நாள் இடைவெளி விழுந்தால் அதே கால் மாட்டவே முடியவில்லை. கால் செய்தவரிடம் போனால் கால் சரியாகத்தான் இருக்கிறது என்கிறார். டாக்டரிடம் போனால் உடம்பு சரியாகத்தான் இருக்கிறது என்கிறார். யாரை நம்புவது?”

அம்மா, இருவரும் சொன்னது உண்மைதான். சிக்கல் அந்த இரண்டு உண்மைகளுக்கும் நடுவில் இருக்கிறது. என் பெரியப்பா கும்பகோணத்தில் ஆறு வருடம் இதே இரண்டு நோய்களோடும் இதே மாதிரி ஒரு காலோடும் வாழ்ந்தார். அவர் கூடவே இருந்து பார்த்ததால்தான் உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டேன்.

செயற்கைக் கால் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ஜெய்ப்பூர் கால். 1968-இல் ஜெய்ப்பூரில் மாஸ்டர் ராம் சந்திர சர்மா என்ற சிற்பக் கலைஞரும் டாக்டர் பி.கே. சேத்தியும் சேர்ந்து உருவாக்கியது. ரப்பரும் மரமும் சேர்ந்த அந்தப் பாதம் எல்லாப் பக்கமும் வளையும். செருப்பில்லாமல் வயலில் இறங்கலாம், சம்மணம் போடலாம், குத்துக்காலிட்டு உட்காரலாம். தரையில் உட்கார்ந்து சாப்பிடும் மக்களுக்காக யோசித்துச் செய்த பாதம் அது. ஆனால் ஜெய்ப்பூர் கால் என்று நாம் சொல்வது உண்மையில் கணுக்காலுக்குக் கீழே உள்ள பாதத்தை மட்டும். கால் போட்டிருக்கும் ஒருவர் காலையில் எழுந்ததும் கவலைப்படுவது பாதத்தைப் பற்றி அல்ல. மேலே, மீதிக் கால் போய் உட்காரும் அந்தக் கிண்ணத்தைப் பற்றி. சாக்கெட் என்பார்கள். கடிப்பது, உரசுவது, புண்ணாக்குவது எல்லாம் அதுதான்.

உங்கள் முழங்கால் சில்லுக்கு நேர் கீழே விரலை வைத்து அழுத்திப் பாருங்கள். கெட்டியான ஒரு தசைநாண் தட்டுப்படும். அந்த இடம் பாரம் தாங்கும். அங்கிருந்து வெளிப்பக்கம் நான்கு விரல் நகர்த்தினால் ஒரு சிறு எலும்பு முடிச்சு இருக்கும். அதை அழுத்தினால் சுருக்கென்கிறது அல்லவா? அந்த இடம் ஒரு கிராம்கூடத் தாங்காது. முன்பக்கக் கணைக்கால் எலும்பின் விளிம்பும் தாங்காது. வெட்டப்பட்ட நுனியும் தாங்காது. சாக்கெட் செய்பவரின் கலை முழுக்க இதில்தான். மாவுக்கட்டு போடும் அதே துணியை மீதிக் காலில் சுற்றி அச்சு எடுக்கிறார். அதற்குள் பாரிஸ் சாந்தை ஊற்றி, காலின் பிரதி ஒன்றை வார்க்கிறார். பிறகு அந்த வெள்ளைக் காலை, பாரம் தாங்கும் இடங்களில் அரத்தால் ராவிக் குறைக்கிறார். தாங்காத இடங்களில் சாந்து பூசி மேடாக்குகிறார். அதன் மேல் பிளாஸ்டிக்கை உருக்கிப் படிய வைத்தால் சாக்கெட். நல்ல கைகளில் ஒரு மில்லிமீட்டர் கூடுதல் குறைவு தெரியும்.

ஆனால் அந்த அச்சு ஒரு நாளின் ஒரு மணி நேரத்துக் கால். உடம்பு அந்த மணி நேரத்திலேயே நின்றுவிடுவதில்லை.

காலை எடுத்த முதல் ஒன்றரை வருடம் மீதிக் கால் இளைத்துக்கொண்டே போகும். அறுவையின் வீக்கம் வடிகிறது, வேலையில்லாத தசை மெலிகிறது. இது எல்லோருக்கும் நடப்பது. இதற்கு மேல் தினசரிக் கணக்கு ஒன்று உண்டு. காலைப் போட்டு நடக்க நடக்க, சாக்கெட்டின் அழுத்தம் தசைக்குள் இருக்கும் நீரை மேலே தள்ளும். மத்தியானத்துக்குள் கால் தளர்ந்துவிடும். கழற்றி வைத்தால் சில நிமிடங்களிலேயே நீர் திரும்ப இறங்கும். கழற்றியவுடன் இறுக்க உறையைப் போடச் சொல்வது அதனால்தான்.

டயாலிசிஸ் நோயாளிக்கு இவற்றோடு வாரக் கணக்கும் சேர்கிறது. ஒரு முறைக்கு நான்கு மணி நேரம். அதில் இரண்டு, மூன்று லிட்டர் நீரை எடுத்துவிடுகிறார்கள். போகும்போது தொப்பையும் முகமுமாக உப்பியிருந்த ஆள், வரும்போது சட்டை தொளதொளக்க வருகிறார். மீதிக் கால் மட்டும் உப்பாமல் வடியாமல் இருக்குமா? பெரியப்பாவுக்குச் செவ்வாய், வியாழன், சனி. சனிக்கிழமை இரவு கால் கழன்று விழுகிற மாதிரி இருக்கும். செவ்வாய்க்கிழமை விடிகாலை, இரண்டு முழு நாள் நீரும் உடம்பிலேயே நின்றுபோய், சாக்கெட்டுக்குள் பாதிக்கு மேல் இறங்காது.

பெரியப்பா தச்சு வேலை செய்தவர். கும்பகோணத்தில் அவர் போட்ட நிலைக்கதவுகள் இன்றும் பல வீடுகளில் நிற்கின்றன. அச்சு எடுக்க இரண்டாவது முறை போனபோது, கால் செய்யும் பையனிடம் அவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: “தம்பி, ஐப்பசி மழையில கதவுக்கு அளவெடுத்தா சித்திரையில ஆடும். சித்திரையில எடுத்தா ஐப்பசியில மூடவே மூடாது. எனக்கு எந்த மாசத்துல எடுக்கப் போறீங்க?”

அந்தப் பையன் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, டயாலிசிஸ் எந்தெந்த நாள், எத்தனை லிட்டர் எடுக்கிறார்கள், எந்த வேளையில் கால் ஏற மறுக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டான். முதல் முறை அச்சு எடுத்தபோது இதை யாருமே கேட்கவில்லை. டயாலிசிஸ் முடிந்த மறு மணியே, கால் மிக மெலிந்திருந்த நேரத்தில் எடுத்துவிட்டார்கள். அந்தச் சாக்கெட் வாரத்தில் இரண்டு நாள்தான் பயன்பட்டது.

ஏனென்றால் தளர்ந்த சாக்கெட்டை நிரப்ப வழி உண்டு. உப்பிய காலைச் செதுக்க வழி இல்லை. நிரப்பும் வழி, சாக்ஸ். இந்த முழு விஷயத்திலும் எனக்கு மிகப் பிடித்த பொருள் அதுதான். நாம் ஷூவுக்குப் போடும் சாக்ஸ் அல்ல. நுனி மூடிய கூம்பு மாதிரி, தையல் உறுத்தாமல் பின்னியது. கனத்தை ‘பிளை’ என்று கணக்கிடுவார்கள். ஒன்று, மூன்று, ஐந்து பிளைகளில் கிடைக்கும். மெலிந்த நாளில் கூட்டுவது, உப்பிய நாளில் குறைப்பது. விவரம் தெரிந்தவர்கள் அச்சு எடுக்கும்போதே உள்ளே மூன்று பிளை போட்டபடி பொருந்துமாறு செய்துவிடுவார்கள். அப்போதுதான் உப்பும் நாளில் கழற்றுவதற்கு ஏதாவது இருக்கும். பத்துப் பதினைந்து பிளை வரை போக வேண்டிவந்தால் சாக்கெட்டின் காலம் முடிந்தது, புதிது செய்ய வேண்டும் என்று பொருள்.

சாக்ஸ் குறைந்தால் கால் உள்ளே அளவுக்கு மீறி இறங்கும். முழங்கால் சில்லு முன்விளிம்பில் இடிக்கும், நுனி அடியில் முட்டும். சாக்ஸ் அதிகமானால் கால் முழுதாக இறங்காமல் அந்தரத்தில் நிற்கும். நுனிக்குக் கீழே வெற்றிடம் விழுந்து, அங்கே இரத்தம் கட்டித் தோல் கருஞ்சிவப்பாகும். இரண்டுக்கும் நடுவில் சரியான இடம் எது என்று எப்படித் தெரியும்? அந்தப் பையன் ஒரு வித்தை காட்டினான். குழந்தைகள் விளையாடும் களிமண்ணில் கோலிக்குண்டு அளவு உருட்டி, பிளாஸ்டிக் தாளில் சுற்றி, சாக்கெட்டின் அடியில் போட்டான். பெரியப்பா காலை மாட்டி எழுந்து நின்று, பத்தடி நடந்து, உட்கார்ந்து கழற்றினார். உருண்டை உருண்டையாகவே இருந்தால் கால் அடிவரை இறங்கவில்லை. அப்பளமாக நசுங்கியிருந்தால் நுனி முட்டுகிறது. இலேசாகத் தட்டையாகியிருந்தால் சரி. பெரியப்பா அந்த உருண்டையை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உளி பிடித்த கை அது, உடனே பிடிபட்டுவிட்டது.

அன்றிலிருந்து ஒரு கோடு போட்ட நோட்டு. தேதி, எடை, காலையில் எத்தனை பிளை, மத்தியானம் எத்தனை, இரவு எத்தனை. ‘செவ்வாய் காலை 1, மாலை 6. புதன் காலை 5, மாலை 5.’ இரண்டு மாதத்தில் அவருக்கு நோட்டைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. ஆனாலும் எழுதினார்.

இன்னொரு கணக்கு இருக்கிறது. இதை எந்தக் கையேட்டிலும் முதல் பக்கத்தில் போட வேண்டும். டயாலிசிஸில் எவ்வளவு நீர் எடுப்பது என்பதை எடை மேடைதான் முடிவு செய்கிறது. நீரெல்லாம் போன பிறகு ஆள் இருக்க வேண்டிய எடையை உலர் எடை என்று வைத்துக்கொண்டு, வந்த எடையிலிருந்து அதைக் கழிப்பார்கள். செயற்கைக் கால், செருப்போடு சேர்ந்தால் சுமார் இரண்டு கிலோ இருக்கும். ஒருநாள் பெரியப்பா கால் மாட்டியபடியே மேடை ஏறினார். அவருடைய உலர் எடையோ கால் இல்லாமல் கணக்கிட்டது. யாரும் கேட்கவில்லை. அந்த இரண்டு கிலோ பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் நீர் என்று எண்ணி எடுக்கப் பார்த்தது இயந்திரம். மூன்றாவது மணி நேரத்தில் தொடையில் குரக்களி பிடித்து இரத்த அழுத்தம் விழுந்து, கண் சொருகிவிட்டது. மாட்டியபடியா, கழற்றியா என்பது முக்கியமில்லை. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி எடை பார்க்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

இதன் மறுபக்கமும் உண்டு. முழங்காலுக்குக் கீழே ஒரு முழுக் கால், உடல் எடையில் சுமார் 6 சதவீதம். 60 கிலோ ஆளுக்கு மூன்றரைக் கிலோ. மீதித் தண்டு போக இரண்டு கிலோவாவது உடம்பை விட்டுப் போயிருக்கும். அறுவைக்குப் பிறகு உலர் எடையைக் குறைக்காமல் பழைய கணக்கிலேயே ஓட்டினால், அத்தனை லிட்டர் நீர் உடம்பில் கணக்கில்லாமல் தங்கும். மூச்சு வாங்கும், கால் உப்பும், சாக்கெட் ஏறாது. கால் செய்தவர் தலையைச் சொறிவார்.

சர்க்கரையின் பங்கை வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1946-இல் அங்கே வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதம் அழுகுவது நோயால் அல்ல, வலி தெரியாததால் என்று காட்டினார். பின்னாளில் அமெரிக்காவில் சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்கும் அதே பாடத்தைச் சொன்னார். சாக்கெட்டுக்குள் இருக்கும் மீதிக் காலும் அப்படித்தான். வலிக்கவில்லை என்பதற்காகப் புண் இல்லை என்று இருந்துவிடக் கூடாது. இரவில் காலைக் கழற்றியதும் கைக்கண்ணாடியை அடியில் பிடித்துப் பாருங்கள். சிவப்பு கால் மணி நேரத்தில் மறைந்தால் கவலையில்லை. மறையாவிட்டால் மறுநாள் கால் போடக் கூடாது, அது கல்யாண நாளானாலும் சரி. மிச்சமிருக்கும் நல்ல பாதத்தையும் அதே கண்ணாடியில் பாருங்கள். இப்போது அதற்கு இரட்டை வேலை.

செயற்கைக் காலோடு நடப்பது கூடுதல் உழைப்பு. நன்றாக நடக்கத் தொடங்கிய வாரத்தில் இன்சுலின் அளவு பழையபடியே இருந்தால் சர்க்கரை திடீரென இறங்கும். டாக்டரிடம் ‘நடக்க ஆரம்பித்துவிட்டார்’ என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். டயாலிசிஸ் முடிந்து எழுந்த கையோடு கால் மாட்டி நடக்க வேண்டாம். தலை சுற்றும் நேரம் அது.

வீட்டில் அன்பால் செய்யும் ஒரு தவறைச் சொல்லியே ஆக வேண்டும். மீதிக் காலுக்குக் கீழே தலையணை வைப்பது. எங்கள் பெரியம்மா இலவம்பஞ்சுத் தலையணையை ராத்திரி பகலாக வைத்தார். மடங்கியபடியே கிடந்த முழங்கால், ஆறு வாரத்தில் நீட்ட முடியாமல் இறுகிவிட்டது. மடங்கிய முழங்காலுக்கு எந்தச் சாக்கெட்டும் ஒழுங்காகப் பொருந்தாது. அதை நிமிர்த்தப் பயிற்சிக்கு அலைந்த மாதங்களில் பெரியம்மா அந்தத் தலையணையைப் பரணில் தூக்கிப் போட்டுவிட்டார்.

எனக்கு ஆற்றாமை இதில்தான். மேடை போட்டு, மாலை போட்டு, கால் வழங்கும் முகாம்கள் நடக்கின்றன. வழங்குபவர்களின் மனதில் நல்லெண்ணம்தான் இருக்கிறது. ஆனால் காலோடு எத்தனை சாக்ஸ் தந்தார்கள்? ஆறு மாதம் கழித்து யார் வந்து பார்த்தார்கள்? பல வீடுகளில் கால் பீரோவுக்குப் பின்னால் நிற்கிறது, ஆள் கட்டிலில் இருக்கிறார். ‘பழகவில்லை’ என்று சொல்லிவிடுகிறோம். பழகாதது மனிதர் அல்ல. அவர் உடம்பு வாரத்துக்கு மூன்று முறை அளவு மாறுகிறது என்பதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். சிறுநீரகத்துக்கு ஒரு கட்டடம், சர்க்கரைக்கு ஒரு கட்டடம், காலுக்கு இன்னொரு ஊர். மூன்றுக்கும் நடுவில் செய்தியைச் சுமந்து போகிறவர் உங்களைப் போன்ற மனைவிமார்தான்.

ஆகவே அம்மா, இந்த வாரமே ஒரு நோட்டுப் போடுங்கள். இரண்டு வாரம் எழுதுங்கள். பிறகு கால் செய்தவரிடம் போய், கால் மிக உப்பியிருக்கும் வேளை எது, மிக மெலிந்திருக்கும் வேளை எது என்று அதைக் காட்டுங்கள். சாக்ஸ் போதுமா, புது அச்சு வேண்டுமா என்பதை அவர் அப்போது சொல்ல முடியும். அச்சுதான் என்றால் நாளையும் நேரத்தையும் சேர்ந்து தீர்மானியுங்கள். டயாலிசிஸ் அட்டையையும் கூடவே எடுத்துப் போங்கள். ஒரு கோலிக்குண்டு அளவு களிமண்ணும்.